வழிகாட்டி நூற் பிரமாண விசாரம்

அந்நிய தேசத்துக்குப் பிரயாணம் செய்கிறவன் கையில் வழிகாட்டி நூல் ஒன்று அவசியம் இருக்க வேண்டுமா என்னும் கேள்வி, மேலெழுந்தவாரியாகப் பார்க்குமிடத்து அற்பமாகத் தோன்றினும், அறிவு எதனால் பிறக்கிறது என்று தார்க்கிகர்கள் நெடுங்காலம் வாதித்துக் களைத்த பெரிய கேள்வியின் பேரப்பிள்ளையேயாகும். நியாய சாஸ்திரம் பிரமாணங்களைப் பிரத்தியட்சம், அனுமானம், உபமானம், சப்தம் என நான்காக வகுத்தது. கடை வாசலில் வாழையிலைக் கட்டு இறங்குவதைக் காண்பது பிரத்தியட்சம். உள்ளே சோறு தயாராகிறது என்று துணிவது அனுமானம். "அசல் நம் மயிலாப்பூர் மாதிரியே இருக்கிறதே" என்று வியப்பது உபமானம். நம்பத் தகுந்த ஆப்தன் சொல்லக் கேட்டு அறிவது சப்தம். வழிகாட்டி நூலை அச்சிடுவோர், யாரையும் கேளாமலே, தம்மை நான்காவதன்கீழ்ப் பதிந்துகொண்டனர். அப்பதிவு செல்லுமா என்பதைக் கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் வைத்துப் பரீட்சிப்பதே இவ்வாராய்ச்சியின் விஷயம்.

லண்டனில் மரே என்பார் 1836-இல் வெளியிட்ட கைந்நூலிலிருந்தே இவ்வகை நூலின் சரித்திரத்தை மேனாட்டார் தொடங்குவது வழக்கம். பத்துப்பாட்டில் சரிபாதி, அதாவது ஐந்து பாட்டு, ஆற்றுப்படையாக இருக்கும் செய்தியை அவர்களுக்கு யாரும் எழுதிப் போடவில்லை போலும். பெரும்பாணாற்றுப்படையைப் புரட்டினால், காஞ்சிக்குப் போகும் வழியில் எயினர் குடியில் என்ன கிடைக்கும், ஆயர் எதைத் தருவர், உழவர் வீட்டில் எது, வலைஞர் சேரியில் எது என்று போஜன விவரம் நீண்டுகொண்டே போகிறது. ஒரு பேதம் மாத்திரம் கவனிக்கத்தக்கது. ஆற்றுப்படையில், பரிசில் பெற்று மீளும் பாணன், எதிரே வரும் பசித்த பாணனை நிறுத்தி வாயாற் சொல்லுகிறான். கேட்பவனுக்குச் சந்தேகமிருப்பின் குறுக்கே கேட்கலாம். (கேட்டதாகப் புலவர்கள் பாடவில்லை, பசி காரணமாயிருக்கலாம்.) அச்சிட்ட தாளைக் குறுக்கே கேட்பது எப்படி?

இனிப் பரீட்சை. 2006-க்கு முன் அச்சான நூலில் பத்துமலை அடிவாரத்து முருகன் இல்லை, 42.7 மீட்டர் உயரம் நிற்கும் மூர்த்தியைக் காணாமல் விட்ட பிரமாணத்தை எந்தத் தார்க்கிகன் ஒப்புவான்? 2010-க்கு முந்தியது அங்கே போகப் பஸ்ஸைத் தேடச் சொல்லும். ரயிலோ அவ்வாண்டில் மலையடிக்கே வந்து சேர்ந்துவிட்டது. 2018-க்கு முந்தியதை நம்பி வந்தவர், 272 படிகளும் வானவில் நிறம் பூண்டிருக்கக் கண்டு, வேறு கோயிலுக்கு வந்துவிட்டோமோ என்று திகைப்பார். மகா மாரியம்மன் கோயில் இருக்கும் வீதி ஹை ஸ்ட்ரீட்டாக இருந்து, ஜாலான் பண்டாராகி, பின்பு ஜாலான் துன் எச். எஸ். லீ ஆயிற்று, பிரிக்பீல்ட்ஸ் ரோடு ஜாலான் துன் சம்பந்தன் ஆயிற்று. லிட்டில் இந்தியாவின் கதி இன்னும் விபரீதம். பழைய நூல்கள் மஸ்ஜித் இந்தியாப் பக்கம் அனுப்ப, 2010 அக்டோபரில் மலேசியப் பிரதமர் நஜிப்பும் இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங்கும் அப்பெயரைப் பிரிக்பீல்ட்ஸில் திறந்துவைக்க, கிள்ளானின் ஜாலான் தெங்கு கிளானாவோ இருவரையும் சட்டை செய்யாமல் அப்பெயரைத் தானும் சூடிக்கொண்டிருக்கிறது.

நூல் பழுதின்றி ஜயிக்கும் இடம் காப்பிக்கடை. பாலும் சர்க்கரையும் வேண்டாதவர் "கோப்பி ஓ கோசோங்" என்று கேட்க வேண்டும் என நூல் சொல்லுகிறது, அவ்வாறே கேட்கிறார், அவ்வாறே வருகிறது, குடித்துவிட்டுப் போகிறார். அவரிடம் ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. நம் சித்தாந்தம் இந்த மௌனத்தில்தான் உதயமாகிறது.

ஜாலான் துன் சம்பந்தன் நடைபாதையில், காலாவதியான நூலொன்றை விரித்துக்கொண்டு ஒருவர் நிற்கட்டும். பூக்கடைக்காரர் எழுந்து வருவார்.

"என்ன தம்பி தேடுறீங்க? அட, இந்தக் கடை மூடி ரொம்ப வருஷமாச்சே."

"யாருண்ணே சொன்னது? மூடல, இடம் மாறிருக்கு" என்பார் பக்கத்தில் தே தாரிக் குடித்துக்கொண்டிருப்பவர்.

மூன்றாமவர், ஓர் அம்மாள், "அதெல்லாம் இருக்கட்டும், தம்பி சாப்பிட்டாச்சா?" என்பார்.

ஆக, தான் ஆப்தனாக இல்லாத நூல், ஆப்தர் மூவரை அழைத்து வந்துவிட்டது. அச்சு போக்கிய பாணனை அச்சுப்பிழை மீட்டுத் தந்தது. ஆதலின் வழிகாட்டி நூலின் பயன் அதன் பிழைக்கு நேர்விகிதத்திலுள்ளது என்று நிர்ணயிக்கிறோம்.

கைப்பேசியில் தேசப்படம் இருக்க இதெல்லாம் எதற்கு என்பது பூர்வபட்சம். கைப்பேசியும் தவறுவதுண்டு; ஆனால் அதன் தவறு அதை வைத்திருப்பவர் உள்ளங்கையோடு முடிந்துவிடுகிறது. குனிந்து அதையே பார்ப்பவர் வீட்டாரோடு பேசுகிறாரா, வழி தப்பித் தவிக்கிறாரா என்பது பூக்கடைக்காரருக்கு எங்ஙனம் விளங்கும்? நூலுக்கோ அட்டை உண்டு. அதில் இரட்டைக் கோபுரத்தின் படம் உண்டு. வைத்திருப்பவர் வெளியூர் என்பது வீதியின் எதிர்ச்சாரிக்கும் தெரியும்.

எனவே நூல் வாங்க விரும்புவோர் பழம் புத்தகக் கடைக்குச் செல்வது உசிதம். கிள்ளான் துறைமுகத்தைப் போர்ட் ஸ்வெட்டன்ஹாம் என்றே குறிக்கும், 1972-க்கு முந்திய பதிப்பு அகப்பட்டால் விலை பேச வேண்டாம். அதை விரித்துக்கொண்டு கிள்ளான் ரயில் நிலைய வாசலில் நிற்பவரை, அந்தத் துறைமுகத்திலேயே வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் யாரேனும் கையைப் பிடித்து ஜாலான் தெங்கு கிளானாவுக்கு இட்டுச் சென்று, இலை போடச் சொல்லி, துறைமுகத்துக்குப் போய்ப் பார்க்க என்ன இருக்கிறது என்று பொழுது சாயும்வரை வாதாடுவார்.