ஒரு விசில், இரண்டு விசில்

போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து விக்கிரமங்கலத்துக்காரர் ஒருவருக்குக் காதுக்குள் விசில் சத்தம் நிற்கவே இல்லை. அக்கா மகன் ஆடிய கூடைப்பந்து ஆட்டம், புது நடுவர். விதிப்படி 40 நிமிஷம். மூன்று மணிக்குத் தொடங்கியது, மாடு கறக்கும் நேரம் தாண்டியும் முடியவில்லை. கை பட்டால் விசில். முழங்கை அசைந்தால் விசில்.

“என்ன சார், இதெல்லாம் ஃபவுலா?” என்று கத்தியவர், மருமகன் விழுந்ததும் “ஃபவுலு சார், கண்ணு தெரியலையா?” என்றார். எல்லாரும் கத்துவதுதானே.

1891-ல் ஜேம்ஸ் நெய்ஸ்மித் 13 விதிகளை எழுதியபோதே, ஆட்களைக் கவனிக்க ஒருவர், பந்தைக் கவனிக்க இன்னொருவர் என்று வேலையைப் பிரித்துவிட்டார். புதியவருக்கோ கண் பந்தின் பின்னாலேயே போய்விடும். இடுப்பில் இடித்தவன் தப்பிவிடுவான். பழகியவர் தடுப்பவனைப் பார்ப்பார். முன்னமே வந்து நின்றானா, கடைசி நொடியில் குறுக்கே புகுந்தானா? நேராக எம்பினானா, சாய்ந்தானா? பட்டதா என்பதோடு முடியாது. பட்டதில் எதிராளிக்கு நஷ்டமா என்றும் பார்க்கவேண்டும். இதெல்லாம் படித்தால் வந்துவிடும். விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஒரு நொடி பொறுப்பதுதான் வராது.

பொறுமைக்கு அரியலூர் பஸ் கண்டக்டரைப் பாருங்கள். ஒரு விசில் நிற்க, இரண்டு விசில் போக. வேலைக்குப் புதிதாக வந்தவர் கை தூக்கியவனுக்கெல்லாம் ஊதுவார். ஈ ஓட்டியவனுக்குக்கூட பஸ் நிற்கும். ஆறு மாதம் போனால், கூடையோடு வரும் ஆத்தா ஏறப்போகிறாரா, பேரனை வழியனுப்பக் கை காட்டுகிறாரா என்பது நடையிலேயே தெரிந்துவிடும். பத்து வருஷமானவர் சில்லறை எண்ணிக்கொண்டே, தலை நிமிராமல், பின்படியில் கடைசிக் கால் ஏறிவிட்டதா என்று சொல்லிவிடுவார். ரிட்டயர்மெண்ட் நெருங்கியவர் யாருக்கும் ஊதுவதில்லை. நம்மவரை இரண்டு முறை விட்டுவிட்டுப் போனவர் அப்படிப்பட்டவர்தான். ஒரு முறை மழையில். இன்னொரு முறை கையில் மொய்ப்பணத்தோடு, முகூர்த்தத்துக்கு அரை மணி இருக்கும்போது. அது என்ன நியாயம்?

எங்கே விட்டோம்? விசில்.

நம்மவரும் ஒரு தடவை அதை வாங்கி ஊதியிருக்கிறார். பிள்ளைகளின் பயிற்சி ஆட்டம்தான். ஆளுக்கு 5 ஃபவுல் ஆனால் வெளியே என்பதால், பாதி ஆட்டத்துக்குள் ஆட ஆளில்லை. போனவர்களைத் திரும்பக் கூப்பிட்டு, மறுபாதியில் பயந்து ஊதவே இல்லை. ஒரு பையனுக்கு உதடு கிழிந்தது.

இதை ஞாயிறன்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. புது நடுவர் போகப்போகத் தேறிவிடுவார் என்றுகூட ஒத்துக்கொள்கிறார். ஆனால், மருமகனை வெளியே அனுப்பிய அந்த ஐந்தாவது ஃபவுல், ஃபவுலே இல்லை.