கந்தக பூமியில் ஒரு குளிர்காலச் சந்தேகம்

கேள்வி: அண்ணாச்சி, கொடைக்கானல் எஸ்டேட் ஒன்றிலிருந்து என் தகப்பனார் வாங்கி வந்த பழைய அம்பாசடரில் ஹீட்டர் இருக்கிறது. மார்கழியில் குடும்பத்தோடு மலையேறினோம். காற்று நன்றாக வந்தது. சூடு மட்டும் வரவில்லை. ஊருக்குத் திரும்பி மெக்கானிக்குகளிடம் சொன்னால் சிரிக்கிறார்கள்.
– விருதுநகர் வாசகர்

பதில்: அவர்கள் சிரிப்பதில் வருத்தப்பட ஒன்றுமில்லை, தம்பி. 1920களின் தொடக்கத்தில் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசியில் ஊன்றிய அந்தத் தொழில் செழிப்பதற்கும், அதன் பின்னால் பட்டாசுத் தொழில் வளர்வதற்கும், மழை குறைந்து வெயில் மிகுந்த இந்தச் சீதோஷ்ணமே பெருந்துணையாக இருந்தது. தீக்குச்சியும் வெடியும் வெயிலிலேயே காய்ந்துவிடுகிற ஒரு பிரதேசத்தில், மனிதனுக்கு உஷ்ணமூட்டும் சாதனத்தைப் பழுது பார்க்கும் சந்தர்ப்பம் எத்தனை பேருக்கு வாய்த்திருக்கும்?

ஆனால் உங்கள் கடிதத்திலேயே பாதி விடை இருக்கிறது. காற்று நன்றாக வந்தது என்கிறீர்கள். ஆகவே ப்ளோயர் மோட்டார், பியூஸ், ஒயரிங் ஆகியவற்றின் மேல் சந்தேகம் வேண்டாம். ஹீட்டர் தானாக உஷ்ணத்தை உற்பத்தி செய்வதில்லை; பெரிய அடுப்பில் மிஞ்சிய தணலில் குளிர்காய்கிறவரைப் போல, எஞ்சின் வேண்டாமென்று கழிக்கிற உஷ்ணத்தில் ஒரு பங்கை வாங்கித் தருவதே அதன் வேலை. எஞ்சினைச் சுற்றிவந்த வெந்நீர் ஒரு ஹோஸ் வழியாக ஹீட்டர் காயிலுக்குள் புகுந்து, வேறொரு ஹோஸ் வழியாக வாட்டர் பம்ப்புக்குத் திரும்புகிறது. அந்தக் காயிலின் மேல் வீசும் காற்றுத்தான் உங்கள் பாதத்துக்கு வருகிறது. காற்று வந்தும் சூடு வரவில்லையென்றால், வெந்நீர் காயிலுக்கு வந்து சேரவில்லை, அல்லது வந்த நீர் வெந்நீராக இல்லை.

கேள்வி: இரண்டில் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– சாத்தூர் வாசகர்

பதில்: கையால் தொட்டே கண்டுபிடிக்கலாம். வண்டியைக் கால் மணி நேரம் ஓட்டி நிறுத்தி, பானட்டைத் திறந்து, ஃபேனுக்கு எட்டாத தூரத்தில் கையை வைத்துக்கொண்டு, ஹீட்டருக்குப் போகும் ஹோஸையும் அதிலிருந்து திரும்பும் ஹோஸையும் துணி சுற்றித் தொட்டுப் பாருங்கள். இரண்டும் நன்றாகச் சுட்டால் காயில் குற்றமற்றது. காற்றைத் திருப்பும் தகடோ அதன் கேபிளோ சரியாக நகரவில்லை என்று பொருள். ஒன்று சுட்டு மற்றொன்று குளிர்ந்திருந்தால் காயில் அடைத்திருக்கிறது. இரண்டும் குளிர்ந்திருந்தால் ஹீட்டர் வால்வு மூடிக்கிடக்கிறது, அல்லது குழாயில் காற்று அடைத்திருக்கிறது. இரண்டும் வெதுவெதுப்பாக மட்டும் இருந்தால் ஹீட்டரை விட்டுவிட்டு எஞ்சினைப் பரிசோதியுங்கள். நம் ஊர் வண்டிகளில் நான் முதலில் சந்தேகிப்பது இந்தக் கடைசி நிலையைத்தான். எந்தப் பரிசோதனையிலும் எஞ்சின் சூடாக இருக்கையில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கலாகாது. பீறிட்டு வரும் நீர் முகத்தைப் பொசுக்கிவிடும்.

கேள்வி: எங்கள் ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் ஆகாதென்று என் வண்டியில் அதை எப்போதோ கழற்றிவிட்டார்கள். அதுவா காரணம்?
– சிவகாசி வாசகர்

பதில்: அதுவேதான். எஞ்சின் குளிர்ந்திருக்கையில் ரேடியேட்டருக்குப் போகும் வழியை அடைத்துவைத்து, நீர் சுமார் 80 டிகிரி உஷ்ணத்தை எட்டியபின் அவ்வழியைத் திறந்துவிடுவதே அந்தச் சிறு கருவியின் கடமை. அதைக் கழற்றிவிட்டால் நீர் முதல் நிமிஷத்திலிருந்தே ரேடியேட்டருக்கு ஓடிக் குளிர்ந்துகொண்டிருக்கும். சமவெளி வெயிலில் இந்தக் குறை வெளியே தெரியாது; மலைக்காற்றில் எஞ்சின் உரிய உஷ்ணத்தை எட்டவே எட்டாது; ஹீட்டரும் வெறும் விசிறியாகிவிடும்.

நஷ்டம் ஹீட்டரோடு முடிவதில்லை. குளிர்ந்தே ஓடும் எஞ்சின் பெட்ரோலை அதிகம் குடிக்கிறது. எரியாத பெட்ரோலும் ஈரமும் ஆயிலில் கலந்து கசடாகின்றன. உள்ளுறுப்புகள் விரைவில் தேய்கின்றன. தெர்மோஸ்டாட் இருந்தால் சித்திரை வெயிலில் வண்டி கொதித்துவிடும் என்ற அச்சத்துக்கும் ஆதாரமில்லை. நல்ல நிலையிலுள்ள தெர்மோஸ்டாட் உஷ்ணம் ஏறியதும் முழுதாகத் திறந்து வழிவிட்டுவிடும். கொதிக்கிற வண்டியில் குற்றவாளிகள் அடைத்த ரேடியேட்டர், தளர்ந்த ஃபேன் பெல்ட், கெட்டுப்போன ரேடியேட்டர் மூடி, தவறிய இக்னிஷன் டைமிங் ஆகியவையே. அவற்றைத் தேடிப் பிடிக்க நேரமாகும், தெர்மோஸ்டாட்டைக் கழற்றச் சில நிமிஷங்கள் போதும் என்பதனால் ஒரு நிரபராதி தண்டிக்கப்படுகிறது.

புதியதை வாங்கினால், பொருத்துமுன் ஒரு பாத்திரத்து நீரில் தொங்கவிட்டுக் காய்ச்சிப் பாருங்கள். கொதிநிலைக்கு முன்பே அது வாய் திறக்கவேண்டும். பொருத்தியபின் குளிர்ந்த எஞ்சினை ஓடவிட்டு மேல் ஹோஸைக் கவனியுங்கள். சிறிது நேரம் குளிர்ந்திருந்து பிறகு சட்டென்று சுட்டால் தெர்மோஸ்டாட் தன் கடமையைச் செய்கிறது.

கேள்வி: என் வண்டியில் தெர்மோஸ்டாட் இருக்கிறது. ஹீட்டர் காயில்தான் அடைத்திருக்கிறது என்கிறார்கள். அடைப்பு எங்கிருந்து வந்தது?
– அருப்புக்கோட்டை வாசகர்

பதில்: உங்கள் போர்வெல்லிலிருந்து. நம் பக்கத்து நிலத்தடி நீரின் உப்பு, குடத்தின் உட்புறத்தில் படிவது போலவே எஞ்சினுக்குள்ளும் படிகிறது. ஹீட்டர் காயிலின் குழல்கள் மெல்லியவை ஆதலால் முதலில் அடைபடுகின்றன. இரண்டு ஹோஸ்களையும் கழற்றி, நீர் வழக்கமாக வெளியேறும் வாயின் வழியாக, மிதமான வேகத்தில், தெளிந்த நீர் வரும்வரை எதிர்த்திசையில் பாய்ச்சுங்கள். வேகத்தை அதிகமாக்கினால் பழைய காயில் பிளந்துவிடும். பிறகு டிஸ்டில்டு வாட்டரையும் கூலன்டையும் உரிய அளவில் கலந்து ஊற்றி, ஹீட்டர் வால்வைத் திறந்துவைத்து, ஹோஸ்களை அமுக்கி அமுக்கிக் காற்றை வெளியேற்றுங்கள். அடுத்த வாரமே மீண்டும் காற்று அடைத்து, நீர்மட்டமும் குறைந்தால், ஹெட் கேஸ்கட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். காருக்குள் கம்பளம் நனைந்து கண்ணாடியில் பிசுபிசுப்பான ஆவி படிந்தால், காயிலே ஒழுகுகிறது.

ரேடியேட்டர் மூடியின் ரப்பரையும் மாற்றிவிடுங்கள். ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரமுள்ள கொடைக்கானலில் திறந்த பாத்திரத்து நீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அழுத்தத்தைத் தாங்கும் நல்ல மூடி இருந்தால்தான், மலைப்பாதையின் கடைசி வளைவுகளில் நீர் கொதித்து வழியாமல் வண்டி மேலே போய்ச் சேரும்.

கேள்வி: வண்டி கொதிக்கும்போது ஹீட்டரைப் போட்டால் எஞ்சின் குளிரும் என்கிறார்களே, நம்பலாமா?
– ராஜபாளையம் வாசகர்

பதில்: நம்பலாம். ஹீட்டர் காயில் ஒரு சிறு ரேடியேட்டர்; அதைத் திறந்து ப்ளோயரை முழு வேகத்தில் வைத்தால் எஞ்சினின் உஷ்ணத்தில் ஒரு பகுதி உங்களிடம் வந்து சேரும். அக்கினி நட்சத்திர காலத்தில் ஜன்னல்களைத் திறந்துவிட்டு, வண்டியை ஓரங்கட்டும்வரை செய்யத்தக்க முதலுதவி இது. நிறுத்தி ஆறவைத்தபின் கொதித்த காரணத்தைத் தேடவேண்டும்.

கேள்வி: ஹீட்டரைச் சரிசெய்துவிட்டேன். தீபாவளிக்குக் கொடைக்கானல் உறவினர்களுக்கு டிக்கியில் பட்டாசுப் பெட்டிகளை ஏற்றிச் செல்லலாமா?
– சிவகாசி வாசகர்

பதில்: கூடாது. ஹீட்டரின் வெந்நீரைக் காட்டிலும் எனக்கு அச்சமூட்டுவது பழைய வண்டியின் உளுத்த ஒயரிங்கும் பெட்ரோல் கசிவும். வெடிமருந்தின் குணத்தை உலகுக்கு விற்கிற ஊர்க்காரராகிய நீங்கள் அதைக் குழந்தைகள் அமர்ந்திருக்கும் வண்டியில் ஏற்றலாகாது. உறவினர்கள் கொடைக்கானலிலேயே உரிமம் பெற்ற கடையில் வாங்கிக்கொள்ளட்டும். நீங்கள் சாத்தூர்க் காராச்சேவு கொண்டு போங்கள்.

கேள்வி: வருஷத்துக்கு இரண்டு நாள் குளிருக்காக இவ்வளவு பாடா? ஹீட்டரைக் கழற்றி எறிந்துவிட்டால் என்ன?
– ஸ்ரீவில்லிபுத்தூர் வாசகர்

பதில்: எறியாதீர்கள். ஐப்பசி மழையில் முன்கண்ணாடியின் உட்புறம் ஆவி படிந்து எதிரே வரும் லாரி மறையும்போது, அந்த ஆவியை நீக்குவது ஹீட்டர் அனுப்பும் வெப்பக்காற்றுத்தான். வத்தலக்குண்டிலிருந்து மலைப்பாதையில் பனிமூட்டத்தினூடே ஏறுகிறவருக்கு அது உயிர்க்காப்பு. உத்தரபாராவில் அம்பாசடர் தயாரிப்பு 2014-இல் நின்றுபோயிற்று. எறிந்த உறுப்புக்கு மாற்று இனிப் பழைய சாமான் கடையில் கிடைத்தால்தான் உண்டு. அதற்கு மேலான காரணம் ஒன்றும் இருக்கிறது. நீரின் தூய்மை, தெர்மோஸ்டாட், பம்ப், கேஸ்கட் ஆகிய யாவும் ஒழுங்காக இருந்தாலன்றி ஹீட்டர் சுடாது. ஆகவே மாதம் ஒருமுறை பத்து நிமிஷம் அதை ஓடவிட்டுச் சூடு வருகிறதா என்று பாருங்கள். குறைந்தால், மலைப்பயணம் வரும்வரை காத்திராமல், அன்றே வண்டியைப் பட்டறைக்குக் கொண்டு போங்கள்.