ஈரக்கை நிரபராதியே: உப்பு ஜாடிக் கசிவு குறித்த ஓர் ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

ஐப்பசி பிறந்து அடைமழை பிடித்ததும் தமிழ்நாட்டு அடுக்களைகளில் ஆண்டுதோறும் ஒரு வழக்கு தொடுக்கப்படுகிறது. கல் உப்பு ஜாடியின் அடியில் கலங்கலாய்த் தண்ணீர் நிற்கும். மேலே இருக்கும் உப்பு விரலில் ஒட்டிக்கொண்டு வரும். "யாரு இதுல ஈரக்கைய விட்டது?" என்று கேள்வி பிறக்கும். இக்கேள்விக்கு எந்த வீட்டிலும் இதுவரை ஒப்புதல் வாக்குமூலம் கிடைத்ததாகத் தெரியவில்லை. குழம்பு கொதிக்கும் அவசரத்தில் விசாரணை நடக்காது. தீர்ப்பு மட்டும் அன்றைக்கே வந்துவிடும். அநேகமாக அது வீட்டுக்குக் கடைசியாக வந்த மருமகள்மீதோ, எப்போதாவது அடுக்களைக்குள் எட்டிப்பார்க்கும் குடும்பத் தலைவர்மீதோ விழும். அத்தீர்ப்பை வேதியியல் மன்றத்தில் மேல்முறையீடு செய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. கலைச்சொல்லும் அதன் எல்லையும்

நடந்ததற்கு வேதியியலில் டெலிகுவசன்ஸ் என்று பெயர். பள்ளிப் பாடநூலில் இது 'ஈரம் உறிஞ்சிக் கரைதல்'. தேர்வில் இரண்டு மதிப்பெண் வாங்கிக் கொடுத்துவிட்டு ஆயுளுக்கும் மறந்துபோகும் சொற்களில் ஒன்று. ஒரு பொருள் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து, இழுத்த ஈரத்திலேயே தானும் கரைந்துபோவதை இது குறிக்கும். ஈரத்தை இழுப்பதோடு நின்றுவிட்டால் அது வேறு பிரிவின்கீழ் வரும். முறுக்கு மழைநாளில் நமுத்துப்போகும். ஆனால் எவ்வளவு நமுத்தாலும் கரைந்து தட்டில் ஓடாது.

உச்சியை நோக்கிப் போகப் போக நடுத்தண்டு கிளைகளாகப் பிரிந்து காணாமல்போகும் ஆலமரம் போன்றவற்றைத் தாவரவியலாரும், முதிர்ந்ததும் கறுப்பு மையாக உருகி வழியும் ஒருவகைக் காளானைக் காளான் ஆய்வாளரும் இதே சொல்லால் குறிக்கிறார்கள். ஆலமரத்தின்மீது ஈரக்கைப் புகார் எதுவும் நிலுவையில் இல்லாததால் அவற்றை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை.

3. சான்றுகள்

(அ) உப்புக் கல்லின்மேல் எப்போதும் கண்ணுக்குத் தெரியாத ஒரு நீர்ப்படலம் உண்டு. காற்றின் ஒப்பு ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால், அப்படலத்திலிருந்து ஆவியாகும் நீரைவிட அதில் வந்து சேரும் நீர் கூடிவிடும். படலம் தடிக்கும், உப்பைக் கரைக்கும், கரைந்த உப்பு மேலும் நீரை இழுக்கும். 75க்குக் கீழே இருந்தால் ஈரக்கை சிந்திய சொட்டும் காய்ந்துவிடும். மதுரையில் பங்குனி வெயிலிலும் அதே கைகள் அதே ஜாடிக்குள்தான் போய்வருகின்றன. அப்போது மட்டும் வழக்கு வராதது ஏன்?

(ஆ) பத்தடி நீளம், பத்தடி அகலம், பத்தடி உயரம் கொண்ட அடுக்களையில் ஏறத்தாழ 28 கன மீட்டர் காற்று இருக்கிறது. வெப்பம் 30 டிகிரி செல்சியஸ், ஈரப்பதம் 85 சதவீதம் என்றால் அந்தக் காற்றில் ஆவியாக நிற்கும் நீர் 700 கிராமுக்குமேல். முக்கால் லிட்டர் தண்ணீரை வைத்துக்கொண்டு நடுவீட்டில் நிற்கும் காற்றை விட்டுவிட்டு, விரல் நுனியின் நாலு சொட்டுக்குச் சம்மன் அனுப்புவது நீதியாகாது.

(இ) கூட்டுச் சதியும் உண்டு. கடல்நீரைப் பாத்தி கட்டிக் காய்ச்சும்போது உப்பு விளைகிறது. மக்னீசியம் குளோரைடு போன்றவை மிஞ்சும் கசப்பு நீரில் தங்குகின்றன. அந்த நீரில் கொஞ்சம் கல் உப்பில் ஒட்டிக்கொண்டு வீடுவரை வந்துவிடும். மக்னீசியம் குளோரைடு கரையத் தொடங்க 33 சதவீத ஈரப்பதமே போதும். ஆகவே ஜாடி மழைக்காலம்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பல நாள் நமக்குத் தெரியாமலே பிசுபிசுத்துக்கொண்டிருக்கிறது.

4. பிற தரப்பு வாதங்கள்

உப்பில் நாலு அரிசி போட்டு வைப்போர் ஒரு பிரிவினர். அரிசி ஓரளவு ஈரத்தை வாங்கிக்கொள்ளும் என்பது சரியே. முக்கால் லிட்டருக்கு அது பொறுப்பேற்காது. ஜாடியை அடுப்புப் பக்கம் வைப்போர் மற்றொரு பிரிவினர். காற்று சூடானால் ஒப்பு ஈரப்பதம் இறங்கும் என்பதால் இவர்கள் கட்சியில் இயற்பியல் இருக்கிறது. ஆனால் உலை கொதித்து ஆவி கிளம்பியதும் அதே இயற்பியல் கட்சி மாறிவிடும்.

அமெரிக்காவின் மார்ட்டன் நிறுவனம் 1911இல் தூள் உப்பில் மக்னீசியம் கார்பனேட்டைக் கலந்தது. மழையிலும் கட்டிதட்டாமல் கொட்டும் என்று குடைபிடித்த சிறுமியின் படத்தோடு 1914இல் விளம்பரமும் செய்தது. இன்று நம் கடைகளில் விற்கும் பல தூள் உப்புப் பாக்கெட்டுகளில் 536 என்ற எண்ணைப் பார்க்கலாம். அது பொட்டாசியம் ஃபெர்ரோசயனைடு; மிகச் சிறிதளவு சேர்க்க அனுமதி உண்டு. இந்தப் பெயரை வீட்டில் உரக்கப் படிக்க வேண்டாம். பின்பாதி காதில் விழுந்தால் அடுத்த வழக்கு படித்தவர்மேல்தான்.

5. தீர்ப்பும் பரிந்துரையும்

ஈரக்கை விடுதலை செய்யப்படுகிறது. சரியாகப் பொருந்தாத மூடி முதல் குற்றவாளி. அதைச் சாத்தாமல் போனவர் உடந்தை. அவர் யார் என்பது வேதியியல் மன்றத்தின் வரம்புக்குள் வராது.

ஜாடி அடியில் தேங்கும் நீரை அவ்வப்போது வடித்துவிட வேண்டும். மக்னீசியத்தின் பெரும்பகுதி அதோடு போய்விடுவதால் மிஞ்சும் உப்பு முன்னைவிடச் சுத்தமாகும், கசிவும் குறையும். மூடியும் இறுக்கமாக அமைந்துவிட்டால் ஐப்பசி வழக்கே இல்லாமல் போகக்கூடும். குடும்பங்கள் இதற்காகக் கவலைப்படத் தேவையில்லை. சர்க்கரை டப்பா இருக்கிறது. அதன் வரம்பு ஏறத்தாழ 85 சதவீதம். கார்த்திகை மழைக்கு அது ஒரு பொருட்டல்ல.