தர்மசங்கட மாஸ்டர்

அவர் குரல் இறங்கினால் தொட்டில் வரப்போகிறது என்று அர்த்தம்.

இரண்டு மணி நேரம் பகடை உருட்டி, பதினோரு காப்ளின் குட்டிப் பூதங்களைச் சாய்த்திருப்போம். காப்ளினுக்கு உயிர்ப்புள்ளி ஏழுதான். என் பகடைக்கு அது தெரியாது. இருபது முகமுள்ள அந்தக் காய் என் கையில் மட்டும் மூன்றைத் தாண்டாது. ஒருவழியாகக் கடைசிக் காப்ளினும் விழுந்து, குகைக் கதவைத் தள்ளித் திறந்ததும், "பெட்டியில எவ்வளவு இருக்கு?" என்பாள் என் மனைவி. ஆட்டத்தில் அவளுக்குத் திருடி வேஷம், கேட்க வேண்டியதைத்தான் கேட்கிறாள். அப்போதுதான் அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைப்பார். அட்டைத் தடுப்புக்கு மேலே முகம் எழும். குரல் இறங்கும்.

"மூலையில ஒரு தொட்டில் ஆடுது."

எங்கள் மேஜைக்கு அவர்தான் டன்ஜன் மாஸ்டர். கதை சொல்லி, அரக்கர்களை ஆட்டிவைத்து, தீர்ப்பும் வழங்குகிறவர். இந்தப் பதவியை ஆடுகிறவர்கள் டி.எம். என்று சுருக்குவார்கள். எங்கள் வீட்டில் அதன் விரிவு தர்மசங்கட மாஸ்டர்.

தொட்டிலில் காப்ளின் குட்டி. அதன் அப்பனை இப்போதுதான் எங்கள் பேலடின் வேஷக்காரர் இரண்டாகப் பிளந்தார். விட்டுவிட்டுப் போனால் பசியில் சாகும். கொன்றால் பாவம். தூக்கிக்கொண்டு போனால் ஊரார் கல்லெறிவார்கள். அதையும் அவரே முன்கூட்டிச் சொல்லிவிடுவார். "யோசிங்க, அவசரமே இல்ல" என்பார். அவருக்கு என்ன அவசரம்? பஜ்ஜித் தட்டு அவர் பக்கம் இருக்கிறது.

முதல் தடவை எனக்குத் தொண்டை அடைத்தது, ஒப்புக்கொள்கிறேன். அடுத்து ஓநாய்க் குட்டி வந்தது. அப்புறம் ராட்சச விதவை. அப்புறம் அம்மாவின் மருந்துச் செலவுக்காகவே கொள்ளையடித்த ஆர்க் சிப்பாய். டிராகனையாவது நிம்மதியாக வெட்டலாம் என்று போனோம். முட்டைமேல் உட்கார்ந்திருந்தது.

பழியெல்லாம் அவருக்கே என்று சொல்ல முடியாது. இந்த வியாதி ஆட்டத்தின் பரம்பரையிலேயே உண்டு. எங்கள் சிகாகோ புறநகரிலிருந்து ஒன்றரை மணி நேரம் வண்டி ஓட்டினால் விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவா. அந்த ஊர்க்காரர் கேரி கைகாக்ஸும் மின்னசோட்டாக்காரர் டேவ் ஆர்னசனும் 1974-ல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸைக் கொண்டுவந்தபோது பாத்திரங்களுக்கு மூன்றே கட்சி: ஒழுங்கு, நடுநிலை, குழப்பம். 1978-ல் வந்த ஆட்டக்காரர் கையேட்டில் நன்மையும் தீமையும் குறுக்கே வந்து சேர்ந்து, கட்டம் ஒன்பதாகிவிட்டது. 1979-ல் கைகாக்ஸ் எழுதிய 'எல்லைக் கோட்டை' என்ற சாகசத்தில் குகைவாசிகளின் பெண்டு பிள்ளைகளையும் தலை எண்ணிக் குடிவைத்திருந்தார். உருவிய வாளை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஆட்டக்காரர்கள் விழிக்க, அது போதாதா?

பேலடின் பாடுதான் பெரும்பாடு. விரதம் பூண்ட தெய்வ வீரர் அவர். தெரிந்தே ஒரு தீய காரியம் செய்தால் வரம் அந்தக் கணமே போகும் என்பது பழைய சட்டம். 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பில் அவ்வளவு கெடுபிடி இல்லை. நாங்கள் ஆடுவது ஐந்தாம் பதிப்புதான். மாஸ்டர் அந்தப் பக்கத்தை மட்டும் புரட்டவில்லை. எங்கள் பேலடின் பகலில் வருமான வரிக் கணக்கர், பரம சாது. மூன்று முறை வரம் இழந்திருக்கிறார். குட்டியை விட்டுவிட்டு வந்ததற்கு ஒரு முறை. தூக்கிக்கொண்டு வந்ததற்கு ஒரு முறை: "சொந்த மண்ணுலேர்ந்து பிரிச்சுட்டீங்களே!" முடிவெடுக்கத் தாமதித்ததற்கு ஒரு முறை.

இன்றைய தேதியில் எங்கள் குழு ஏழு காப்ளின் பிள்ளைகளை வளர்க்கிறது. பால் வேண்டுமே? கையேட்டு விலைப்பட்டியலில் ஆடு ஒரு பொன், பசு பத்துப் பொன். கணக்கர் கூட்டிக் கழித்துப் பார்த்து, ஆடுதான் கட்டுபடியாகும் என்றார். ஒன்பது ஆடு பிடித்தோம். உலகத்தைக் காப்பாற்றப் புறப்பட்டவர்கள் போன மாதம் எரிமலை அடிவாரத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தோம்.

மாஸ்டரை வேதாளம் என்று சொல்லலாம்தான், வேதாளம் கோபித்துக்கொள்ளும். அதுவும் கதை முடிந்ததும் சிக்கலாகத்தான் கேட்டது. ஆனால் அதற்கு விடை என்று ஒன்று இருந்தது; விக்கிரமாதித்தன் சரியாகச் சொன்னால் முருங்கை மரத்துக்குப் போய்விடும். இவருடைய கேள்விக்கு விடையே கிடையாது. எதைச் செய்தாலும் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, "நீங்க இப்படிப் பண்ணுவீங்கன்னு நான் நினைக்கல" என்பார். எந்தப் பக்கம் போனாலும் குழி என்றால் அதற்குப் பெயர் தர்மசங்கடம் இல்லை, பொறி. எலிப்பொறியில்கூட ஒரு துண்டு மசால் வடை வைப்பார்கள்.

வாரம் முழுக்க எனக்கு இதே பிழைப்பு. இந்த ஏப்ரலில் என் டீமிலிருந்து இரண்டு பேரை வேலையைவிட்டு எடுக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு வந்தது. பெயர்களை நான்தான் எழுதிக் கொடுத்தேன். ஒருவன் விசாவில் இருந்தான். இன்னொருத்திக்குக் கைக்குழந்தை. சனிக்கிழமை ராத்திரி நான் தேடி வருவது, பார்த்த மாத்திரத்தில் கெட்டவன் என்று தெரிகிற, ஏழு புள்ளியில் செத்துப்போகிற ஒரு காப்ளினை. பெரிய ஆசையா இது?

போன வாரம் எங்கள் மாஸ்டர் ஆட்டக்காரராக உட்கார்ந்தார். கணக்கர்தான் மாஸ்டர். நாலு வருஷத்துப் பழியைத் தீர்க்கத் தயாராக வந்திருந்தார். கண்ணாடி போடாத மனுஷன், இதற்காகவே கூலிங் கிளாஸ் கொண்டுவந்திருந்தார். சண்டை முடிந்தது. கூலிங் கிளாஸைக் கழற்றினார், துடைத்தார், குரலை இறக்கினார்.

"மூலையில ஒரு தொட்டில் ஆடுது."

எல்லோரும் பழைய மாஸ்டரையே பார்த்தோம். அவர் பஜ்ஜியைச் சட்னியில் தோய்த்துக்கொண்டிருந்தார்.

"ஆடு ஒரு பொன்தானே தம்பி? இன்னும் ரெண்டு பிடி. குழந்தைய என் தோள்ல போடு, போகலாம்."

பத்து விநாடிகூட ஆகவில்லை.

"அண்ணே, யோசிக்க வேணாமா?" கணக்கரின் குரல் உடைந்துவிட்டது.

"குழந்தைப்பா. இதுல யோசிக்க என்ன இருக்கு?"

நாலு முகப் பகடை கூர்நுனியோடு இருக்கும். இருட்டில் மிதித்தவர்களுக்குத் தெரியும். எழுந்து போகும்போது அவர் காலடியில் ஒன்றை உருட்டிவிடலாமா என்று நினைத்தேன். அதற்குள் குழந்தைக்குப் பெயர் வைக்கும் பேச்சு ஆரம்பித்துவிட்டது. ஒரு மணி நேரம் சண்டை. கடைசியில் என் பாட்டி பெயரை வைத்தோம். நான்தான் பிடிவாதம் பிடித்தேன்.

எல்லோரும் போனபின் பகடைகளைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டிருந்த என் மனைவி சட்டென்று நிமிர்ந்தாள்.

"ஏங்க, பெட்டிய யாரும் திறக்கவே இல்லையே?"