இருவீச்சு எந்திரங்களில் எண்ணெய் கலத்தல்: கும்மிடிப்பூண்டி மரபை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வெல்லை: வடக்கே ஆந்திர எல்லையை ஒட்டிய ஆரம்பாக்கம், கிழக்கே பழவேற்காடு, மேற்கே ஊத்துக்கோட்டை, தெற்கே மணலி. மணலிதான் 2018-இல் சென்னை மாவட்டத்துக்குப் போய்விட்டதே என்று வருவாய்த் துறையினர் ஆட்சேபிக்கலாம். அதற்கு முன்பு வரை அது திருவள்ளூர் மாவட்டத்தில் இருந்தது. எண்ணெய் விவகாரத்தில் பழைய கணக்கே செல்லும். ஆய்வுப் பொருள்: ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு எவ்வளவு ஆயில் ஊற்றுவது? ஒன்றேமுக்கால் அடிக் குறளுக்குப் பத்துப் பேர் உரை எழுதிய இனம் இந்தக் கேள்வியைப் பெட்ரோல் பங்க் பையன்களிடம் விட்டுவிட்டது. அக்குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எண்ணெயைப் பெட்ரோலிலேயே கலக்கும் வழக்கம் எப்படி வந்தது என்று முதலில் காண்போம். 1891-இல் இங்கிலாந்தின் பாத் நகரத்தைச் சேர்ந்த ஜோசப் டே, இருவீச்சு எந்திரம் ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கினார். அதில் பிஸ்டனுக்குக் கீழே இருக்கும் கிராங்க் கேஸே பம்பாக வேலை செய்யும். காற்றையும் எரிபொருளையும் உள்ளே இழுத்து, அழுத்தி, மேலே அனுப்பும். பெட்ரோல் ஓயாமல் வந்துபோகும் அந்த அறையில் எண்ணெயைத் தேக்கி வைக்க வழியில்லை. ஆகவே எண்ணெய், பெட்ரோலோடு பெட்ரோலாக உள்ளே வந்து, பேரிங்குக்கும் பிஸ்டனுக்கும் ஒரு பூச்சு கொடுத்துவிட்டு, தானும் எரிந்து புகையாகப் போகிறது. நான்குவீச்சு வண்டிக்காரர் மாதக்கணக்கில் எண்ணெயை மறந்திருக்கலாம். இருவீச்சுக்காரர் டேங்க் மூடியைத் திறக்கும்போதெல்லாம் நினைத்தாக வேண்டும். மறந்தவர்களின் வண்டி, ஜி.என்.டி. சாலையில் கவரப்பேட்டைக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் நடுவே, நிழலே இல்லாத இடமாகப் பார்த்துப் பிஸ்டன் இறுகி 'சீஸ்' ஆகும். மரம் உள்ள இடத்தில் சீஸ் ஆன வண்டியைக் கண்டவர் இலர்.

வரலாற்றைச் சுருக்கிவிடலாம். பிரெஞ்சு மோட்டோபெக்கான் நிறுவனத்தின் தொழில்நுட்பத்தில் 1960-களில் திருப்பதியில் பிறந்த சுவேகா, 1972-இல் வந்த லூனா, 1980-இல் ஓசூரிலிருந்து புறப்பட்ட டிவிஎஸ் 50. திருவொற்றியூர் என்ஃபீல்டு புல்லட்டோடு நில்லாமல் ஃபேன்டாபுலஸ் ஸ்கூட்டர், சில்வர் பிளஸ் என்று இருவீச்சிலும் கைவைத்தது. அவற்றை இன்று சேகரிப்பாளர்களிடம்தான் பார்க்கலாம். டிவிஎஸ் 50-இன் வாரிசான எக்ஸ்எல்தான் இவ்வாய்வின் தலைமகன். பழவேற்காட்டு மீன் பெட்டி, பொன்னேரிப் பால் கேன், சிப்காட் ரோலிங் மில் வாசலுக்குப் போகும் டீ டிரம், ஷிஃப்ட் முடிந்த மூன்று பேர் என்று அதன் மேல் ஏறாதது எதுவுமில்லை.

இனி ஒரு முரண். 1965-இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் ரிஃபைனரீஸ், பின்னாளில் சிபிசிஎல், 1969 முதல் மணலியில் கச்சா எண்ணெயைக் காய்ச்சிப் பெட்ரோலைத் தனியாகவும் மசகெண்ணெய்க்கான மூலத்தைத் தனியாகவும் பிரித்து வருகிறது. வானளாவிய கோபுரங்கள், பல நூறு பொறியாளர்கள், இரவு பகல் அணையாத சுடர் எல்லாம் இந்தப் பிரிவினைக்காகத்தான். அங்கிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் உள்ள பங்க்கில், பல்லால் கடித்துக் கிழித்த ஒரு பாக்கெட்டைக் கொண்டு அவ்விரண்டையும் திரும்பச் சேர்த்துவிடுகிறார்கள். பொதுத்துறையின் உழைப்பை இவ்வளவு குறைந்த செலவில் ரத்து செய்யும் வேறொரு முறையை நாம் அறியோம்.

விகிதத்துக்கு வருவோம். பிற்கால மொபெட்டுகளுக்கு லிட்டருக்கு 20 மில்லி, அதாவது ஐம்பதுக்கு ஒன்று என்பது விதி. விதியில் பிழையில்லை, அது லிட்டரில் எழுதப்பட்டிருப்பதுதான் பிழை. கும்மிடிப்பூண்டியில் யாரும் லிட்டரில் பெட்ரோல் போடுவதில்லை, ஐம்பது ரூபாய்க்குப் போடுகிறார்கள். லிட்டர் நூறு ரூபாயை ஒட்டி நிற்கும் இந்நாளில் அது ஏறக்குறைய அரை லிட்டர். அதற்கு ஆயில் 10 மில்லி. பாக்கெட்டோ 20 மில்லி. பாதியை ஊற்றி மீதியை மடித்துப் பெட்டியில் வைத்தவர்களின் ஆர்.சி. புத்தகங்களை ஆய்வாளர் கண்டிருக்கிறார். ஒரு பக்கமும் பிரியாது. ஆதலால் அனுபவசாலிகள் ஒருநாள் முழுப் பாக்கெட்டையும் ஊற்றிவிட்டு, மறுமுறை ஆயிலே இல்லாமல் போடுகிறார்கள்.

இதைக் கேட்டுப் பதறும் கம்பெனிப் பொறியாளர்கள் பின்வரும் கணக்கைப் பார்க்க. டேங்க்கில் எப்போதும் அரை லிட்டர் மிச்சம் இருக்கும்போதே அடுத்த அரை லிட்டர் போடுவதாகக் கொள்வோம். முழுப் பாக்கெட் ஊற்றிய அரை லிட்டரில் எண்ணெய் 4 சதவீதம், ஊற்றாததில் பூஜ்யம். மாறி மாறி இப்படியே போட்டுக்கொண்டு போனால், டேங்க்கில் உள்ள கலவை சில முறைகளுக்குப் பின் 2.67 சதவீதத்துக்கும் 1.33 சதவீதத்துக்கும் இடையே ஊசலாடத் தொடங்கும். இரண்டின் சராசரி மிகச் சரியாக 2. கம்பெனி சொன்னதும் அதுவே. சோம்பலும் மறதியும் ஒழுங்கான இடைவெளியில் நிகழ்ந்தால் விதியைப் பின்பற்றியதாகவே ஆகிவிடும் என்பது இதனால் பெறப்படும்.

ஆனால் நம்மவர் 2 சதவீதத்தில் நிற்பவரல்லர். பங்க்கில் நடக்கும் உரையாடல் வருமாறு:

"அண்ணே, ஆயில் எவ்ளோ?"

"போடுப்பா. கொஞ்சம் கூடவே ஊத்து."

இந்தக் 'கொஞ்சம் கூட'வே நமது கருதுகோளின் உயிர்நிலை. எண்ணெயின் அளவை எந்திரம் தீர்மானிப்பதில்லை, ஓட்டுபவரின் பயம் தீர்மானிக்கிறது. போன வருடம் லேத்தில் போரிங் செய்யக் கொடுத்த காசு நினைவில் இருப்பவர் 3 சதவீதம் ஊற்றுவார். மெக்கானிக் 'புது போருக்குக் கூட ஊத்துண்ணே' என்று சொல்லி அனுப்பினால் 4. மீன் பெட்டியோடு மச்சானும் ஏறினால், சுமைக்குத் தக்க எண்ணெய் என்ற கோட்பாட்டின்படி அதற்கும் மேல். இக்கோட்பாட்டை எள்ளி நகையாட வேண்டாம். பந்தயக் கார்ட் வண்டிகளிலும் எண்ணெயைக் கூட்டித்தான் ஊற்றுகிறார்கள்.

அச்சம் மிகுந்தால் என்ன ஆகும்? பிளக்கில் கரி பிடிக்கும், சைலன்சர் அடைக்கும், பின்னால் வருபவர் நம் குலத்தை விசாரிப்பார். இவை ஊரறிந்தவை. ஊரறியாத ஒன்று உண்டு. கார்புரேட்டர் ஜெட் வழியாக வரும் திரவத்தில் எண்ணெயின் பங்கு கூடினால் பெட்ரோலின் பங்கு குறையும். கலவையில் காற்று மிஞ்சும். எந்திரம் கூடுதலாகச் சூடேறும். சூட்டுக்குப் பயந்து ஊற்றியதே சூட்டைக் கூட்டும். இதைப் பொன்னேரியில் ஒரு மூத்த மெக்கானிக்கிடம் விளக்கியபோது, பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ ஆயில் பத்தலைன்னு அர்த்தம்" என்றார். மேற்கொண்டு வாதிக்க இயலவில்லை.

இனிச் சமயப் பிளவுகள். வீரராகவப் பெருமாள் பள்ளிகொண்ட மாவட்டத்தில் இதை வைணவத்தைக் கொண்டே விளக்க வேண்டும். குரங்குக்குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்ள வேண்டும் என்பது வடகலை. பூனைக்குட்டியைத் தாயே கவ்விச் செல்லும் என்பது தென்கலை. தானே அளந்து, தானே ஊற்றி, தானே ஆட்டும் மொபெட்காரர் வடகலையார். யமஹா 1964-இல் கொண்டுவந்த ஆட்டோலூப் முறையில் எண்ணெய்க்குத் தனி டேங்க், தனி பம்பு. ஆக்ஸிலேட்டரைத் திருகும் அளவுக்கு அதுவே எண்ணெய் தரும். 1985-இல் வந்த ஆர்எக்ஸ் 100-ஐ ஓட்டியவர்கள் இவ்வாறு தென்கலையைச் சார்ந்தனர். இருவருக்கும் இடையே மூன்றாவது சாராரும் உளர்: பம்பு வேலை செய்கிறதோ என்னவோ என்று பெட்ரோலிலும் ஒரு மூடி ஆயில் கலந்துவிடும் ஆர்எக்ஸ்காரர்கள். பூனை வாயில் கிடந்தபடி அதன் கழுத்தைக் கட்டிக்கொள்ளும் இவர்களுக்கு எந்த ஆசாரியரும் இன்னும் பாஷ்யம் செய்யவில்லை.

ஆட்டுதல் பற்றியும் சிறிது. ஆயில் ஊற்றியபின் ஸ்டாண்டை எடுத்துவிட்டு, ஹேண்டில் பாரையும் சீட்டையும் பிடித்து வண்டியை இடவலமாக ஆட்டுவது மரபு. டூ டி எனப்படும் இருவீச்சு ஆயிலில் எளிதில் கரைவதற்கென்றே கரைப்பான் சேர்த்திருக்கிறார்கள்; முதலில் ஆயிலை ஊற்றி அதன் மேல் பெட்ரோலைப் பாய்ச்சினால் ஆட்டவே வேண்டாம். கடைசியில் ஊற்றினால்தான் அடியில் தங்கிக் கார்புரேட்டருக்குப் போகும். இவ்வளவு தெரிந்தும் ஆட்டாமல் கிளம்பியவர் எவருமிலர். சிலர் மறுநாள் காலையிலும் ஒருமுறை ஆட்டிவிட்டே கிக்கரை உதைக்கிறார்கள்.

1990-களின் இறுதியில் தில்லியில் டூ டி ஆயிலைச் சில்லறையாக ஊற்றி விற்பது தடுக்கப்பட்டது. அளந்து கலக்கும் உரிமை மக்களிடமிருந்து பறிபோன முதல் நிகழ்வு அது. 2015-இல் நான்குவீச்சு எக்ஸ்எல் 100 வந்தது. 2017 ஏப்ரல் முதல் பாரத் ஸ்டேஜ் 4 கட்டாயமானதும் புதிய இருவீச்சு மொபெட்டுகளின் கதை முடிந்தது. எஞ்சிய மரபு இன்று ஊத்துக்கோட்டைப் பக்கத்து வயல்களில் பவர் ஸ்பிரேயரிலும் புல்வெட்டும் எந்திரத்திலும் உயிரோடிருக்கிறது. ஒன்றுக்கு இருபத்தைந்துக்கு ஒன்று, மற்றொன்றுக்கு ஐம்பதுக்கு ஒன்று. இரண்டுக்கும் கலக்கும் தண்ணீர் பாட்டில் ஒன்றே. இப்போது பெட்ரோலில் எத்தனாலும் சேர்ந்துவிட்டது. அது ஈரத்தை இழுக்கும். கலந்து வைத்த பாட்டில் மழைக்காலம் முழுக்கக் கொட்டகையில் கிடந்தால் அடியில் தண்ணீர் தனியே பிரியலாம். அது தெரியாமல் ஆட்டி ஊற்றுகிறார்கள்.

எக்ஸ்எல் 100 வாங்கிய பழைய எக்ஸ்எல்காரர்கள் தனி ஆய்வுக்குரியவர்கள். அதன் எந்திரத்துக்குள்ளேயே ஆயில் இருக்கிறது, அவ்வப்போது வடித்து மாற்றினால் போதும், பெட்ரோலில் கலக்கக் கூடாது என்று ஷோரூமில் சொல்லித்தான் சாவி தருகிறார்கள். இருந்தும் சிப்காட் அருகே ஒரு பங்க்கில் பெரியவர் ஒருவர் பையிலிருந்து பாக்கெட்டை எடுத்து நீட்டினார்.

"தாத்தா, இது ஃபோர் ஸ்ட்ரோக். இதுக்கு ஆயில் வேணாம்."

"தெரியும்பா. நீ ஊத்து."