சித்தப்பாவின் உள்ளங்கையும் 325 வோல்ட்டும்

டிவியைத் தட்டிச் சரிசெய்யும் வித்தை தமிழ்நாட்டில் யாரும் சொல்லிக்கொடுக்காமல் வந்தது. 1975-ல் சென்னையில் தூர்தர்ஷன் தொடங்கி, சாலிடேர், டயனோரா என்று பெட்டிகள் கூடத்துக்கு வரத் தொடங்கிய காலத்திலேயே, வீட்டுக்கு ஒருவர் அந்தப் பதவிக்குத் தாமாக வந்து உட்கார்ந்துவிட்டார். இதை எழுதுபவரின் வீட்டில் அது சித்தப்பா. படம் உருண்டால் மேலே ஒரு தட்டு. கோடு விழுந்தால் இடப்பக்கம் ஒரு தட்டு. சத்தம் மட்டும் வந்து படம் வராவிட்டால் பின்பக்கம் ஒரு குத்து. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் படம் பார்க்க வந்து திண்ணைவரை உட்கார்ந்திருந்த கூட்டம் முழுக்க அவருடைய உள்ளங்கையை நம்பித்தான் இருந்தது. 2006-ல் ஆட்சிக்கு வந்த திமுக அரசு இலவசமாக 14 அங்குல கலர் டிவி கொடுக்கத் தொடங்கியதும் அந்தக் கைக்குத் தெரு முழுக்க வேலை வந்தது.

அந்தத் தட்டை முட்டாள்தனம் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. பழைய டியூப் டிவிக்குள் சில பாகங்கள் சூடாகும், ஆறும், மறுபடி சூடாகும். நாளாக நாளாக, அவற்றைப் போர்டோடு பிடித்திருக்கும் ஈயப் பற்றில் மெல்லிய வட்ட விரிசல் விழும். மெக்கானிக்குகள் இதை ‘டிரை சோல்டர்’ என்பார்கள். தட்டினால் விரிசல் ஒட்டிக்கொள்ளும், படம் வரும். மெக்கானிக்கும் தட்டத்தான் செய்வார். ஆனால் ஸ்க்ரூடிரைவரின் பிளாஸ்டிக் பிடியால், மெல்ல, எங்கே தொட்டால் படம் ஆடுகிறது என்று பார்த்துக்கொண்டே. இடம் தெரிந்ததும் அயர்னை வைத்துப் பற்றவைப்பார். சித்தப்பா இதில் முதல் பாதிக்கு நிபுணர். இரண்டாம் பாதி அவருடைய பாடத்திட்டத்தில் இல்லை.

அப்புறம் டிவி மெலிந்தது. சித்தப்பாவின் கை மெலியவில்லை.

எல்இடி டிவியின் முகம் என்பது ஒன்றோடொன்று ஒட்டிய இரண்டு கண்ணாடித் தகடுகள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் கனம். நடுவில் திரவப் படிகம். இந்த அப்பளத்தைத் தட்டினால் டிரை சோல்டர் ஒட்டாது, பேனல்தான் விரியும். விரிந்த கண்ணாடிக்கு ரிப்பேர் கிடையாது, மாற்றுவது மட்டும்தான். மாற்றப் பேனலின் விலையைச் சொல்லும்போதே மெக்கானிக், “இதுக்குப் புதுசே எடுத்துடலாம் சார்” என்று சேர்த்துச் சொல்லிவிடுவார். கண்ணாடி உடையாமல் செங்குத்தாகக் கோடுகள் மட்டும் வந்தால் கதை வேறு. பேனலின் ஓரத்தில், மெல்லிய பிலிம் நாடாக்களின் மேல் சிப்புகள் ஒட்டியிருக்கும். அந்த ஒட்டு விட்டுப்போனால் கோடு வரும். அதைத் திரும்ப ஒட்டும் பாண்டிங் மெஷின் வைத்திருக்கும் கடைகள் உண்டு. அதற்கும் உள்ளங்கைக்கும் சம்பந்தமில்லை.

அந்த நாடாக்களுக்கு நம் ஊரில் பெரிய எதிரி ஆயுத பூஜை. அன்றைக்கு டிவிக்கும் குளியல் உண்டு. கண்ணாடி துடைக்கிற நீலத் திரவத்தைத் திரையில் பீய்ச்சி, அது வழிந்து இறங்கும் அழகைப் பார்த்து, பிறகு துடைத்து, மூன்று இடத்தில் சந்தனம், குங்குமம். வழிந்த திரவம் சட்டத்தின் கீழ் ஓரத்தில் புகுந்து உள்ளே போகும். பல மாடல்களில் மேற்படி நாடாக்கள் இருப்பதும் அங்கேதான். பூஜை முடிந்து சில நாளில் கோடு தெரியும். பழி கரண்ட்டின் மேல் விழும். செய்ய வேண்டியது இவ்வளவுதான்: டிவியை அணைத்து, பிளக்கை எடுத்து, ஆறவிட்டு, மெல்லிய மைக்ரோஃபைபர் துணியால் உலரத் துடைக்க வேண்டும். பிசுக்கு போகாவிட்டால் துணியைத் தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்துகொள்ளலாம். நனைய வேண்டியது துணி, டிவி அல்ல. பொட்டு வைக்காமல் மனசு கேட்காதவர்கள் ஸ்டாண்டில் வைக்கலாம். சாமி கோபித்துக்கொள்ளாது.

டிவி ரிப்பேரில் முக்கால்வாசி பேருக்குத் தெரியாத சங்கதி, பல சமயம் டிவியில் ரிப்பேரே இருக்காது என்பது. ‘நோ சிக்னல்’ என்று திரையே எழுத்துக் கூட்டிச் சொல்கிறது. வீட்டில் அதை ‘டிவி போச்சு’ என்று படிக்கிறார்கள். செட்டாப் பாக்ஸ் டிவியின் ஒரு ஹெச்டிஎம்ஐ துளையில் இருக்க, பேரன் ரிமோட்டில் சோர்ஸ் பட்டனை அமுக்கி அடுத்த துளைக்குப் போய்விட்டிருப்பான். அத்தை வீட்டு டிவி தினமும் ராத்திரி ஒரே நேரத்தில் தானாக அணைந்தது. திருஷ்டி என்று சித்தி சொன்னார், பூசணிக்காய் உடைக்கலாமா என்ற பேச்சுவரை போனது. மெனுவில் ஆஃப் டைமர் போட்டிருந்தது. கடையில் காட்சிக்கு வைக்கும் ‘ஸ்டோர் டெமோ’ என்றொரு மோட் உண்டு. புது டிவியை முதன்முதலில் போடும்போது ‘வீடா, கடையா’ என்று அது கேட்கும். அவசரத்தில் கடையை அமுக்கிவிட்டால், பிறகு நாம் எவ்வளவு வெளிச்சத்தைக் குறைத்து வைத்தாலும் சில நிமிடத்தில் அது பழையபடி பளீரென்று திரும்பிவிடும். இதற்காகச் சர்வீஸ் ஆளைக் கூப்பிட்டுக் காசு கொடுத்தவர்கள் இருக்கிறார்கள்.

ரிமோட் வேலை செய்கிறதா என்று பார்க்க, அதன் மூக்கை மொபைலின் முன்பக்கக் கேமராவுக்குக் காட்டிப் பட்டனை அமுக்கிப் பார்க்கலாம். நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி கேமராவில் பெரும்பாலும் மினுமினுப்பாகத் தெரியும். மினுங்கினால் ரிமோட் நன்றாக இருக்கிறது. டிவியின் சென்சாருக்கு முன்னால் சவுண்ட்பாரோ தஞ்சாவூர் பொம்மையோ நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். டிவி அப்படியே உறைந்து நின்றால் பிளக்கைப் பிடுங்கி, டிவியிலேயே இருக்கும் பவர் பட்டனைச் சிறிது நேரம் அமுக்கிப் பிடித்து, ஒன்றிரண்டு நிமிடம் கழித்துத் திரும்பப் போட்டால் பெரும்பாலும் எழுந்துவிடும். சிவப்பு விளக்கு விட்டு விட்டு மினுங்கினால் அது எத்தனை முறை மினுங்கி நிற்கிறது என்று எண்ணிக்கொண்டு மெக்கானிக்குக்குப் போனில் சொல்லலாம். பல மாடல்களில் அந்த எண்ணிக்கைதான் கோளாறின் விலாசம்.

சத்தம் வருகிறது, படம் இல்லை என்றால் ஒரு டார்ச் போதும். அறையை இருட்டாக்கி, டார்ச்சைத் திரைக்கு மிக அருகில் சாய்த்துப் பிடித்தால், உள்ளே செய்தி வாசிப்பவர் ஆவி போல மங்கலாகத் தெரிவார். தெரிந்தால் பேனல் நலம். பின்னால் இருந்து வெளிச்சம் தரும் பேக்லைட்தான் போய்விட்டது. பேக்லைட் என்பது ‘ஸ்ட்ரிப்’ எனப்படும், வரிசையாக எல்இடி பதித்த பட்டைகள். ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர் இணைப்பில் இருப்பதால் ஒரு எல்இடி செத்தால் அந்த வரிசையே இருண்டுவிடும். சில டிவிகள் ஒரு வினாடி பளிச்சென்று வந்து அணைவது இதனால்தான். திரையில் ஆங்காங்கே வட்டமான வெள்ளைப் பொட்டுகள் தெரிந்தால், எல்இடியின் மேல் ஒட்டியிருக்கும் குட்டி லென்ஸ் கழன்று விழுந்திருக்கிறது என்று பொருள். இரண்டுக்கும் ஸ்ட்ரிப் மாற்றினால் போதும். ஆனால் அதற்கு அந்த அரை மில்லிமீட்டர்க் கண்ணாடியை முழுசாகத் தூக்கி வைக்க வேண்டும். அது கட்டிலில் போர்வை விரித்து, சித்தி ஒரு முனை, சித்தப்பா ஒரு முனை பிடித்துச் செய்கிற வேலை அல்ல.

இனி பேக் கவருக்கு வருவோம். “சும்மா திறந்து தூசியை ஊதிடலாம், பிளக்கைத்தான் பிடுங்கிட்டோமே” என்பது சித்தப்பாவின் வாதம். இங்கேதான் வம்பு.

நம் வீட்டு 230 வோல்ட் ஏசி, டிவியின் பவர் சப்ளை போர்டில் நுழைந்ததும் டிசியாக மாறுகிறது. அப்போது அதன் அளவு ஏறக்குறைய 325 வோல்ட். சில பெரிய டிவிகளில் அதையும் ஏற்றி 390, 400 வரை கொண்டுபோவார்கள். இதைச் சேர்த்து வைப்பது போர்டின் நடுவில் கட்டைவிரலைவிடப் பெரிதாக நிற்கும் கெப்பாசிட்டர். பிளக்கைப் பிடுங்கினாலும் அதற்குள் இருப்பது உடனே போய்விடாது. ஓடிக்கொண்டிருக்கும் டிவி என்றால், அணைத்ததும் மீதியைப் போர்டே குடித்துவிடும். கெட்டுப்போன டிவியில் அதைக் குடிக்க ஆள் இல்லை. ஃபியூஸ் நன்றாக இருந்து, அதற்குப் பிறகு வரும் சுவிட்சிங் பாகம் செத்துக் கிடந்தால், கெப்பாசிட்டர் நிரம்பிய நிலையிலேயே வெகுநேரம் காத்திருக்கும். எனவே ஓடுகிற டிவியைவிடச் செத்த டிவி ஆபத்து. வீட்டில் உள்ளவர்கள் தைரியமாகத் திறப்பதும் செத்த டிவியைத்தான்.

இந்த விஷயத்தில் சித்தப்பாவுக்குப் பெரிய இடத்து முன்னோடி உண்டு. டிவியை உருவாக்கிக்கொண்டிருந்த ஜான் லோகி பெயர்ட், தேயிலைப் பெட்டி, தொப்பி அட்டைப்பெட்டி, சைக்கிள் விளக்கு லென்ஸ் என்று கிடைத்ததையெல்லாம் கோத்து இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸ் ஊரில் சோதனை செய்துவந்தார். 1924-ல் ஏறக்குறைய 1,000 வோல்ட் ஷாக் அடித்துக் கையில் தீக்காயத்தோடு பிழைத்தார். வீட்டுக்காரர் இடத்தைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். பெயர்ட் லண்டனுக்குப் போய் 1926 ஜனவரியில் அறிஞர்களுக்கு டிவியை ஓட்டிக் காட்டினார். ஆக, முதல் டிவிக்காரரே ஷாக் வாங்கியவர், அதோடு வாடகை இடத்தையும் இழந்தவர். வாடகை வீட்டில் இருக்கும் சித்தப்பாக்கள் கவனிக்கவும்.

சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவிலும் அதைப் போன்ற கடைவீதிகளிலும் உட்கார்ந்து வேலை பார்க்கும் நல்ல மெக்கானிக் திறந்ததும் எதையும் தொடமாட்டார். மோதிரம், வாட்ச் கழற்றியிருப்பார். முதலில் மல்டிமீட்டரை டிசியில் வைத்துக் கெப்பாசிட்டரின் இரு கால்களிலும் பார்ப்பார். வோல்ட்டேஜ் இருந்தால், 5 அல்லது 10 வாட் தாங்கும், இரண்டு கிலோ ஓம் அளவிலான ரெசிஸ்டரை இன்சுலேஷன் போட்ட ஒயரில் கோத்து இரு கால்களுக்கும் கொடுப்பார். சில வினாடியில் வடிந்துவிடும். வடிந்துவிட்டதா என்று மறுபடி மீட்டரில் பார்ப்பார். ஸ்க்ரூடிரைவரைக் குறுக்கே வைத்து ‘டப்’ என்று பொறி பறக்கவிடுபவர் வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளிடம் கைதட்டு வாங்கலாம். ஸ்க்ரூடிரைவரின் முனை உருகும், போர்டும் கெடலாம், பொறி கண்ணிலும் படலாம்.

அடுத்து அவர் எடுப்பது குண்டு பல்பு. வீடுகளிலிருந்து ஒழிந்துபோன அந்த 100 வாட் பல்பு மெக்கானிக் மேசையில் மட்டும் இன்னும் அரசாட்சி செய்கிறது. ‘சீரிஸ் பல்பு’ என்பார்கள். டிவிக்குப் போகும் கரண்ட் இந்தப் பல்பு வழியாகத்தான் போக வேண்டும். போர்டில் ஷார்ட் இருந்தால் பல்பு முழுசாக எரியும், போர்டு கருகாமல் தப்பும். ஷார்ட் இல்லையென்றால் பல்பு ஒருமுறை பளிச்சிட்டு மங்கிவிடும். இத்தனை நுணுக்கமான பெட்டிக்கு இவ்வளவு மலிவான காவல்காரன் வேறு இல்லை.

இவற்றுக்கெல்லாம் நேரெதிர், ஃபியூஸுக்குப் பதில் ஒயர்த் துண்டைச் சுற்றிவிடும் ‘தற்காலிக’ வைத்தியம். தெருக் கம்பத்தில் நியூட்ரல் அறுந்தால் சில வீடுகளில் 400 வோல்ட்டை நெருங்கிப் பாயும். அப்போது போர்டில் இருக்கும் வேரிஸ்டர் என்ற காசு வடிவத் துண்டு தன்னை ஷார்ட் ஆக்கிக்கொண்டு, ஃபியூஸை எரித்து, மற்றதைக் காப்பாற்ற முயலும். தெருவில் பத்து டிவி ஒரே நாளில் போனால் பெரும்பாலும் நடந்தது இதுதான். வேரிஸ்டரைப் பார்க்காமல் ஃபியூஸை மட்டும் மாற்றினால் அதுவும் எரியும். ஒயரைச் சுற்றினால் அடுத்து எரிவது போர்டு, அதற்கும் அடுத்தது திரைச்சீலை. ஃபியூஸின் மேல் எத்தனை ஆம்பியர் என்று அச்சடித்திருக்கிறதோ அதேதான் போட வேண்டும். இடி மின்னல் நேரத்தில் சுவிட்சை அணைத்தால் போதாது. பிளக்கையும் எடுக்க வேண்டும், கேபிள் ஒயரையும் கழற்ற வேண்டும், அதுவும் இடி தொடங்குவதற்கு முன்பே. மின்னல் கேபிள் வழியாகவும் வந்து ஹெச்டிஎம்ஐ துளையைப் பொசுக்கும்.

ஸ்ட்ரிப் மாற்றிய மெக்கானிக்கிடம் பேக்லைட் கரண்ட்டைக் கொஞ்சம் குறைத்துவிடச் சொல்லிக் கேளுங்கள். மெனுவிலும் பேக்லைட் 100-ல் இருந்தால் இறக்கி வையுங்கள். எல்இடி சூடு குறைந்து நீண்ட நாள் உழைக்கும். அவர் உங்கள் கூடத்திலேயே உட்கார்ந்து திறந்தால், பிளக்கைப் பிடுங்கி அவர் கண்ணில் படும்படி பக்கத்தில் போட்டுவிடுங்கள். கை உள்ளே இருக்கும்போது “கரண்ட் வந்துடுச்சா பாரு” என்று சுவிட்சைப் போட்டுப் பார்க்க எந்த வீட்டிலும் ஒருவர் தயாராக இருப்பார். அவரை அந்த அரை மணி நேரம் டீ வாங்க அனுப்பிவிடுங்கள்.