பொஸ்டனிலை நிக்கிற மருமோனுக்கு

மருமோன், நேற்று வாட்ஸப்பிலை நீ மூக்காலை அழுததைக் கேட்டு மாமிக்கு ராமுழுக்க நித்திரை இல்லை. எனக்கு நல்ல நித்திரை.

வட்டுக்கோட்டையிலை பிறந்து, ஒல்லாந்திலை வளந்து, இப்ப கம்பனி அனுப்பி அமெரிக்காவிலை நிக்கிறாய். முதல் கூட்டத்திலையே பெரியவன்ரை திட்டத்தைப் பாத்து "இது சரிவராது" எண்டிட்டாய். அவன் சிரிச்சபடி "சுவாரசியமான கருத்து" எண்டானாம். நீ அதை மெச்சல் எண்டு நினைச்சு இன்னும் நாலு பிழை பொறுக்கிக் குடுத்தியாம். இப்ப ஒருத்தரும் தேத்தண்ணிக்குக் கூப்பிடேல்லையாம். கூப்பிடுவாங்களே?

உன்னிலை பிழையில்லை, வளந்த இடம் அப்பிடி. 1658 தொடக்கம் 1795 மட்டும் ஒல்லாந்தன் எங்கடை தலையிலை இருந்தவன். அவன் எங்கடை வாயிலை விட்டிட்டுப் போன சொல்லுகளிலை ரண்டு: கந்தோர், கக்கூசு. மனிசன் குந்துற ரண்டு இடத்துக்கும் ஒளிப்பு மறைப்பில்லாமல் பேர் வைச்சவன். எங்கடை வழமைச் சட்டமான தேசவழமையை 1707இலை எழுதிப்போட்டு, சரியோ பிழையோ பாருங்கோ எண்டு 12 முதலியார்மாரிட்டைக் குடுத்தவனும் அவன்தான். உங்கடை ஒல்லாந்துக் கந்தோரிலை இண்டைக்கும் உதுதானே நடக்குது? நேற்று வந்த பெடியனும் பெரியவனிலை பிழை பிடிக்கலாம். கூட்டம்தான் முடியாது.

அமெரிக்கன் வேறை வார்ப்பு. 1816இலை மிசன் எண்டு வந்து, எங்கடை ஊரிலை பாழடைஞ்சு கிடந்த ஒல்லாந்தர் காலத்து வேதக்கோயிலைத் திருத்தி எடுத்தவன். 1823இலை செமினரி துவங்கினான். தமிழ், இங்கிலிசு, கணக்கு, வானசாத்திரம்... என்ன படிப்பு! 1855இலை மிசனின்ரை பொஸ்டன் தலைமைக் கந்தோர் ஆக்கள் வந்து பாத்தினம். பெடியள் வேதத்துக்கு வரேல்லை, இங்கிலிசுக்கும் உத்தியோகத்துக்கும்தான் வருகினம் எண்டு கண்டினம். அந்த வருசமே இழுத்துப் பூட்டியாச்சு. நீ நிக்கிற அதே பொஸ்டன்தான் தம்பி. அங்கை சிரிப்பு ஒரு கையிலை, திறப்பு மற்றக் கையிலை.

உனக்கு உது புதுசே? கலியாண வீட்டிலை, சனத்துக்கு நடுவிலை, "என்னடா கறுத்துக் காஞ்சு போனாய்" எண்டு கேட்டாவே உன்ரை பெரியம்மா, அவ ஒல்லாந்து. மாப்பிளையைப் பிடிக்காட்டில் பொம்பிளை வீட்டார் என்ன செய்வினம்? தேத்தண்ணி, பயத்தம் பணியாரம், சீனி அரியதரம் எல்லாம் தந்து, "சாதகத்தைப் பாத்துப்போட்டுச் சொல்லுறம்" எண்டு படலை மட்டும் வந்து வழியனுப்புவினம். அது அமெரிக்கா. உனக்குச் சம்பந்தம் பேசிப் போன நாலு வீட்டிலையும் எனக்கு நல்ல பலகாரம். விளங்குதோ? பெரியவன் "சுவாரசியம்" எண்டால் சாதகம் பொருந்தேல்லை எண்டு எடு.

பிறந்தநாளுக்கு நீயே கேக் வாங்கிக்கொண்டு போக எல்லாரும் பரிதாபமாப் பாத்தாங்களாம். ஒல்லாந்திலை பிறந்தநாள்காரன்தான் வாங்கோணும். அமெரிக்காவிலை மற்றவை வாங்கிக் குடுக்கிறது. ரண்டையும் தின்னு, வாயைத் திறவாதை.

லீவுக் கதைதான் எனக்குக் கவலை. ஒல்லாந்திலை வருசம் 4 கிழமை சம்பளத்தோடை லீவு குடுக்கச் சட்டம் இருக்கு. அமெரிக்காவிலை நாடு முழுக்கக் கட்டுப்படுத்திற அப்பிடியொரு சட்டமே இல்லை. எண்டாலும் நல்லூர்த் திருவிழா 25 நாளுக்கும் கேட்டுப் பார். சிரிச்சுக்கொண்டு "அருமையான யோசனை" எண்டானெண்டால் ரிக்கற் போடாதை. சாதகம் பாக்கினமாம் எண்டு மாமிக்கு நான் சொல்லிக்கொள்ளுறன்.